முயலுக்கு எண்ணெய் முழுக்கு

மகன் மெல்பேர்னிலிருந்து வீடியோவில் வந்தால் வாய் திறந்து முதலில் கேட்பது, "அம்மா, முயல் எங்கை?" பெற்றவள் முன்னால் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பது அவன் கண்ணில் படாது. படிக்கப் போகும்போது, தன் அறையில் வளர்த்த வெள்ளை முயலை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில் நாலாம் மாடி. பல்கனியில் துணி காயப்போடவே இடம் காணாது, அதற்குள் இதற்கொரு கூடு. முயல் கரட் தின்னும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதையும் அதிகம் கொடுக்கக் கூடாதாம்.

ஆனாலும் அதைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தேன். முயல் மேல் பாசம் பொங்கியதால் அல்ல. அது இருக்கும்வரை அவன் தினமும் போன் எடுப்பான் என்று நம்பினேன். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் என் முகத்தைப் பார்ப்பதற்காக எத்தனை நாளைக்கு எடுக்கப்போகிறான்? இருபது வயதுப் பிள்ளைக்கு அம்மாவோடு கதைக்க அப்படி என்ன இருக்கிறது? அந்தப் பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

ஒருநாள் முயல் பின்னங்காலால் பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்தது. மயிரை விலக்கினால் வெள்ளை வெள்ளையாகப் பொடுகு. முயலுக்கும் பொடுகு வருமா என்று யோசித்தபடி மடியில் வைத்துச் சீப்பால் வாரினேன். என் கருநீல ஹவுஸ்கோட்டில் தூள் கொட்டியது. தட்டிவிடப் போன கை அப்படியே நின்றது. அந்தத் தூளில் ஒன்றிரண்டு நகர்ந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். மெய்யாகவே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுக்கை விரிப்புகளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன், தலையணை உறைகளைக் கழற்றினேன், கூட்டினேன், திரும்பவும் கூட்டினேன். முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. தடித்த இடத்தையும் சொறிந்தேன், தடிக்காத இடத்தையும் சொறிந்தேன். சாப்பாட்டு மேசையில் சிந்திய உப்பைக்கூட நகர்கிறதா என்று பார்த்தேன்.

"மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போவம்," என்று கணவரிடம் சொன்னேன்.

"உதுக்குப் போய் டொக்டரோ? உது சூடப்பா. வெளியிலை வெக்கை, தின்னிறது காய்ஞ்ச புல்லு. சூடு ஏறித் தோல் உரியுது."

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். தலையிடி, மூட்டு நோ, ஞாபக மறதி, எல்லாம் அவருக்குச் சூடுதான். எல்லாவற்றுக்கும் மருந்து, சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகுவது.

"பொடுகு நடக்குது. நான் கண்ணாலை கண்டனான்."

"அப்ப உம்மடை கண்ணைத்தான் முதலிலை காட்ட வேணும்."

அந்தச் சனிக்கிழமை மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போய்த் திரும்பினால், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். எண்ணெய் வழியும் உடம்பும், இடுப்பில் சாரமுமாக இவர் வாளிக்கு முன்னால் குந்தியிருக்கிறார். தனக்கு வைத்த எண்ணெயை முயலுக்கும் வைத்து, சீயாக்காயும் தேய்த்து, இரண்டு பேருமாக முழுகுகிறார்கள்! நனைந்த முயல் பாதி முயலாகச் சுருங்கியிருந்தது. துள்ளவில்லை, திமிறவில்லை.

"பாரும், என்ன சுகமாய் இருக்குதெண்டு," என்றார்.

பறித்துத் தூக்கினேன். காதுகள் இரண்டும் சில்லிட்டுக் கிடந்தன. தலை என் கையில் சரிந்தது.

"முயலைக் கொன்றுபோட்டீங்களே!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. திறக்கட்டும்.

துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். எண்ணெய்த் தலையோடு, உடம்பில் ஒட்டிய சேர்ட்டோடு இவரும் ஏறினார். பாமன்கடையில் மிருக வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். காலி வீதியில் அன்றைக்கென்று வாகனங்கள் அசையவே இல்லை. ஓட்டோக்காரப் பெடியன் கண்ணாடியில் பார்த்து, முயல்தானே என்று சிங்களத்தில் கேட்டான். "ஓவ் மல்லி, இக்மனட்ட யன்ன," ஓம் தம்பி, கெதியாய்ப் போ என்று அவனை விரட்டினேன். இவர் முயலின் பாதங்களை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். விசயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தாள். "முயலைக் குளிப்பாட்டவே கூடாது அன்ட்டி. பயத்திலயும் குளிரிலயும் செத்துப்போகும்." சூடான துவாய்களை மாற்றி மாற்றிச் சுற்றினாள். நெடுநேரத்துக்குப் பிறகு அது மூக்கை அசைத்தது. பிறகுதான் அவள் முயலின் பிடரியில் டேப்பை ஒட்டி எடுத்து, நுணுக்குக்காட்டியில் வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னாள். உண்ணி இனமாம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. இவர் நீண்ட நேரம் குனிந்து பார்த்தார்.

"நடக்குதுதான்," என்றார் மெதுவாக.

உடம்பு தேறியதும் ஓர் ஊசி, இரண்டு கிழமை கழித்து இன்னொன்று. கூட்டைக் கொதிதண்ணீரில் கழுவ வேண்டும், உள்ளே விரித்த புல்லை எறிந்துவிட வேண்டும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை மறந்தும் போடக்கூடாது, முயலுக்கு அது நஞ்சாகலாம். முயல் சுகமானால் என் கை அரிப்பும் போய்விடும் என்றாள்.

வீட்டுக்கு வந்தும் அது வாயைத் திறக்கவில்லை. கீரையை அரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டினேன். மாலையானால் போன் அடிக்கும். "முயல் எங்கை?" நித்திரை கொள்ளுது என்றேன். அடுத்த நாள், கூட்டுக்குள் ஒளிச்சிட்டுது என்றேன். என்ன தின்றது என்று கேட்டான், தின்னாததையெல்லாம் அடுக்கினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்லிவிட்டு வைத்ததும் திரும்பவும் கூட்டுக்கு ஓடுவேன், மூச்சு இருக்கிறதா என்று பார்க்க.

ஒரு மாலை அது தானாக ஒரு வல்லாரை இலையை இழுத்து மென்றது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அன்று அவன் எடுத்தபோது முயலை மடியில் வைத்துக் காட்டினேன். பிடரியில் மயிர் உதிர்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. இனி ஒளிக்க முடியாது. உண்ணி, எண்ணெய், ஓட்டோ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும் அம்மா," என்றான். "அப்பா அண்டைக்கே போன் எடுத்துச் சொல்லிப்போட்டார். அழுதவர்."

எனக்கு முகம் எரிந்தது. "அப்ப பிறகும் ஏன் ஒவ்வொரு நாளும் முயல் எங்கை, முயல் எங்கை எண்டு கேட்டனீ?"

"அதைக் கேட்டால்தான் நீங்கள் அழாமல் கதைக்கிறனீங்கள்."

உண்மைதான். அவன் போன புதிதில் முகம் தெரிந்ததுமே அழத் தொடங்கிவிடுவேன். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருப்பான். அந்த நாட்களிலும் அவன் ஒருநாள்கூட எடுக்காமல் விட்டதில்லை. அது எனக்கு ஏன் இத்தனை நாளும் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

முயலைக் கூட்டில் விட்டுவிட்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"இண்டைக்கு என்ன சமைச்சனீ?" என்று கேட்டேன்.

அவன் சொல்லத் தொடங்கினான். பாதியிலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. பருப்பு அடிப்பிடித்தது வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான்.