அமுங்கிப்போன புள்ளிகள்

நூலகத்துக்கு யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அவள் குரல். அதனால் எல்லோருக்கும் அவள் ‘கணீர்’. பிறவியிலேயே பார்வை இல்லை. பன்னிரண்டு வருஷம் “எந்தப் பிரிவு வேணும் சார்?” என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பிரிவுகளில் ஒன்றையாவது நடத்திப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அஞ்சல் வழியில் நூலகர் படிப்பில் சேர்ந்தாள். தையல்காரனான அண்ணன் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தான். நடுநடுவே மெஷின் கடகடக்கும்.

எழுத்துத் தேர்வுகள் முடிந்தன. மிச்சம் செய்முறை: ஐந்து புத்தகங்களைப் பார்த்து, எதைப் பற்றியவை என்று கண்டு, வகை எண் போட வேண்டும். இந்த முறை தவறினால் உதவி நூலகர் வேலைக்கு வயது தாண்டிவிடும்.

தேர்வு அதே நூலகத்தின் மாடியில்.

“பரீட்சை உனக்கு, வயித்தைக் கலக்குறது எனக்கு,” என்றான் அண்ணன்.

“அப்ப வாசலைத் தாண்டிடாதே. மானம் போயிடும்.”

தேர்வு நடத்த வந்தவர் நல்ல மனிதர். “உங்களுக்குன்னே கிடங்குலேருந்து பிரெயில் புத்தகமா எடுத்துட்டு வரச் சொன்னேம்மா,” என்றார் பெருமையாக.

அவள் முதல் புத்தகத்தில் விரலை ஓட்டினாள். வழவழவென்றிருந்தது. அங்கங்கே ஒரு புள்ளி, அரைப் புள்ளி. அட்டையில் பழைய செய்தித்தாள் நெடி. புரிந்துவிட்டது. நிற்க வைக்க வேண்டிய பிரெயில் புத்தகங்களைப் படுக்கப் போட்டு, மேலே பத்திரிகைக் கட்டுகளை ஏற்றியிருக்கிறார்கள்.

“சார், பாரம் ஏறி புள்ளியெல்லாம் அமுங்கிப்போச்சு. படிக்க வரலை.”

“இதோ இருக்கேம்மா, எனக்கே நல்லாத் தெரியுதே!”

“கண்ணுக்குத் தெரியும் சார், விரலுக்குத் தெரியலை. சாதாரணப் புத்தகம் குடுத்து யாராவது வாசிச்சாப் போதும். எண் நான் போட்டுடுவேன்.”

அவர் விதிகளைப் புரட்டினார். “சலுகை ஒண்ணுதான் குடுக்கலாம்னு இருக்கு. அதைக் குடுத்தாச்சே. பதறாம நிதானமாப் பாருங்கம்மா.”

மூன்று மணி நேரம் தடவினாள். விரல் நுனி எரிந்தது. ஒன்றில் ‘மண்புழு’ என்ற சொல் தட்டுப்பட்டது. அதை வேளாண்மையில் போட்டாள். மற்ற நான்கும் வெற்றுத்தாள்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. அண்ணன் தபாலைப் பிரித்து, “போயிடுச்சும்மா,” என்றான்.

“கீழ ஏதாவது எழுதியிருப்பாங்களே?”

அவன் கடைசி வரியை வாசித்தான். “‘தேர்வருக்குப் பிரெயில் பயிற்சி போதாது.’”

ஆறு வயதிலிருந்து படிக்கிறவள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

“அண்ணே, யாராவது கேட்டா ஃபெயிலுன்னே சொல்லு, பரவாயில்லை,” என்றாள் மெதுவாக. “படிக்கத் தெரியாதவள்னு மட்டும் சொல்லிடாதே.”