சுகந்தி ரீச்சரின் செவ்வரத்தைப் படம்

சுகந்தி ரீச்சர் நேற்று மத்தியானம் எங்களை விட்டுப் போய்விட்டார். என்னோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர்.

எனக்கு ஒழுங்குபடுத்தாமல் எழுத வராது. அவர் கடைசியாகக் கீறிய செவ்வரத்தைப் படம் பற்றி மூன்று விடயங்கள்:

1. பூக்கள்
2. நிழல்
3. வெளிச்சமும் அதன் பொருளும்

பழைய ஆசிரியர்களின் ஒன்றுகூடலுக்குப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். கணவர் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு ரீச்சரை நான் வெளியில் கண்டது அன்று மட்டும்தான்.

ஜாம் போத்தலில் நாலு செவ்வரத்தம்பூ. கிட்டப் போனால் பூவே இல்லை, சிவப்பும் ரோசும் திட்டுத் திட்டாக...

"இன்னும் முடியேல்லைப் போல ரீச்சர்" என்றேன், பயந்துகொண்டுதான்.

"கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாருங்கோ சேர், முடிஞ்சிடும்."

கழற்றினேன். பூ வந்தது.

அடுத்தது நிழல். ஊதா நிறம். "நிழல் கறுப்பெல்லோ?"

"ஆர் சொன்னது? வெள்ளைச் சீலையில விழுற நிழலை ஒருநாளாவது வடிவாப் பாத்தனீங்களே?"

சொன்னபடியே மணிக்கூட்டைப் பார்த்தார். "அவருக்கு மருந்து நேரம். வாறன் சேர்."

மூன்றாவது... பாதி விரிந்த பூக்கள், மஞ்சள் வெயில். விடியல் வெளிச்சம், நம்பிக்கையின் அடையாளம் என்று படத்தோடு இங்கேதான் எழுதினேன். நிறையப் பேர் லைக் போட்டீர்கள்.

அதை வாசித்துவிட்டு ரீச்சரின் தங்கை கனடாவிலிருந்து போன் எடுத்தார். "அக்கா தனியச் சமாளிக்கிறாவோ சேர்? நான் வந்து கொஞ்ச நாள் நிக்கட்டே?"

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ பிள்ளை. படத்தைப் பாருங்கோ, அவ தெளிவாத்தான் இருக்கிறா" என்றேன்.

தங்கை வரவில்லை.

இன்று செத்தவீட்டில்தான் முதன்முதலாக அவர் படம் கீறிய அறைக்குள் போனேன். கணவர் கட்டிலில் கிடந்தபடி மெல்லக் கதைத்தார்.

"விடிஞ்சா என்னோடை மாரடிக்கவே அவவுக்கு நேரம் சரி. பின்னேரம் நாலு மணிக்கு உந்த யன்னலுக்குள்ளாலை வெயில் வரேக்கைதான் கதிரையை இழுத்துப் போடுவா. பூவும் அப்பத்தான் சுருங்கத் தொடங்கும்... கெதியாக் கீறோணும் எண்டுவா."

ஒரே ஒரு யன்னல். மேற்குப் பக்கம். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான்.

தங்கை நாளை வந்து இறங்குகிறார். என்னைத்தான் முதலில் தேடுவார்.

நிம்மதியாக உறங்குங்கள் ரீச்சர்.

மூன்றாவதாக நான் எழுதியது பிழை. அது பின்னேர வெயில்.