மூன்றாவது விரல்

பெரிய பேரன் பாளையங்கோட்டையில் காலேஜ் சேர்ந்துவிட்டான். பேத்தி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதல். சின்ன மகனே, மதுரையில் உன் மகன் எதையும் பிடித்துக்கொள்ளாமல் தானே நடக்கிறானாம். இந்தக் கடிதத்தை அங்கே வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டு.

இன்று பக்கத்து வீட்டு லூர்துமேரியோடு திரேஸ்புரம் பால்வாடிக்குப் போயிருந்தேன். அவள் மகனை அங்கே சேர்த்துக்கொண்டால்தான் அவள் உப்பளத்து வேலைக்குப் போக முடியும்.

மூன்று வயது நிறைந்த பிள்ளையைச் சேர்த்தால்தான் சர்க்கார் பால்வாடிக்குப் பணம் தருமாம். பார்வையிட வந்த ஆபீசரம்மா சொன்னார்.

“மூணு முடிஞ்சிட்டும்மா,” என்றாள் லூர்துமேரி.

ஆபீசரம்மா பையனிடமே வயதைக் கேட்டார். அவன் இடது கைப் பெருவிரலைச் சப்பிக்கொண்டே வலது கையில் இரண்டு விரலைக் காட்டினான்.

நான் கூரையைப் பார்த்தேன்.

“மூணாவது விரல வாயில வச்சிருக்கான்லா!” என்றாள் அவள்.

ஆபீசரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மூன்று என்றே எழுதினார்.

வரும் வழியில் கேட்டேன்: “ஏளா, நெசமா எத்தன வயசு?”

“ரெண்டரை, பெரியம்மா. அந்த அரை விரலுக்கு அவன் எங்க போவான்?”

சின்னவனே, உன் மகனைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. விரல் சப்பினால் பிடித்து இழுத்துவிடாதே. சர்க்கார் காரியத்துக்கு உதவும்.