படங்களைக் கெடுத்தது நான்தான்

சிறுபிள்ளைகள் படிக்க உதவும் யார் வேண்டுமானாலும் பங்களிக்கக்கூடிய ஒரு ஓபன் சோர்ஸ் செயலிக்கு நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் படம் வரைகிறோம். நான் இருக்கும் ஜமுனாமரத்தூரில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பெரிய ஃபைல்கள் திறக்காது. அதனால் அன்று காலை எல்லோருடைய படங்களையும் சுருக்கி, எங்கள் பொதுக் கோப்புறையில் அதே பெயர்களில் திரும்ப ஏற்றினேன். உதவி என்றுதான் நினைத்தேன். சுருக்கியதில், கோடும் நிறமும் தனித்தனி அடுக்குகளாக இருந்த படங்கள் ஒன்றாக ஒட்டிப்போயின. இனி யாரும் அவற்றைத் திருத்த முடியாது.

"யார் செய்தது?" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். நான் டைப் செய்துகொண்டிருந்தபோதே, புதிதாகச் சேர்ந்த செங்கத்து செல்வியின் குரல் பதிவு வந்தது.

"நானாத்தான் இருக்குங்க. எனக்கு இன்னும் ஒன்னும் சரியா தெரியல."

டைப் செய்ததை அழித்துவிட்டேன்.

சந்தைக்குப் போய் வாங்கிய புளியை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். மத்தியானம், குழுவை விட்டுப் போவதாக செல்வி எழுதினாள். 'நான்தான் செய்தேன்' என்று அனுப்பினேன். உடனே சிக்னல் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல், சிக்னல் கிடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே போன் அடித்தது. செல்விதான்.

"நீங்களாக்கா? இன்னா தப்பு பண்ணேன்னு காலைல இருந்து தேடிக்கினு இருந்தேன். தேடறப்ப, சேந்த புதுசுல நான் இறக்கி வெச்ச பழைய படமெல்லாம் என் போன்லயே கிடைச்சிருச்சு. மாத்துறதுக்கு முந்தி இருந்த மாதிரியே கீது."

செல்வி குழுவை விட்டுப் போகவில்லை. இப்போது புதிய ஓவியர்களுக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். 'அடுத்தவர் படத்தைத் தொடும் முன் அவரைக் கேளுங்கள்' என்பது முதல் வரி. 'தவறு செய்தால் உடனே சொல்லுங்கள்' என்பது இரண்டாவது. முதல் வரியைக் குழு எழுதியது. இரண்டாவதை நான் எழுதினேன்.