வெறுங்கையால் பிடித்த பந்து

போன வருடம் மே மாதத்தில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் திடீரென்று சீக்கிரம் தீரத் தொடங்கியது. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோ ஊர்த் தண்ணீரின் புண்ணியத்தில் என் தலையில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதற்கு ஒரு பாட்டில் நான்கு மாதம் வரும். அது மூன்றே வாரத்தில் காலியானது. என் மனைவி சுமதி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கடைசியில் திருடன் மாடியில் அகப்பட்டான். எங்கள் மகள் காவ்யாவின் கட்டிலில் உட்கார்ந்து, ஆறடி இரண்டங்குல யோயெல் தன் தோல் கையுறைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். குழந்தைக்குத் தலை தேய்க்கிற பதத்தில், விரல் விரலாக. பிறகு அதற்குள் ஒரு பந்தை வைத்து மூடி, கயிற்றால் கட்டி, மெத்தைக்கு அடியில் செருகினான். ராத்திரி அதன் மேல் படுத்தால் கையுறை பந்தின் வடிவத்துக்குப் பழகுமாம். "குட் ஆயில், அங்கிள்," என்றான்.

யோயெல் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பேஸ்பால் ஆட்டக்காரன். பெரிய லீக்குகளோடு தொடர்பில்லாத சின்னக் குழுக்கள் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதில்லை. உள்ளூர்க் குடும்பங்கள் சீசன் முழுக்க ஆளுக்கொருவனை வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள். ஹோஸ்ட் ஃபேமிலி என்று பெயர். காவ்யா ஆஸ்டினில் காலேஜில் சேர்ந்த பிறகு அவள் அறை காலியாகக் கிடந்தது. நூலகத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு பையன் வந்து நாலு வேளை சாப்பிட்டா வீடு வீடா இருக்கும்ல?" என்றாள் சுமதி. பையனுக்கு முப்பது வயது என்பது வந்தபிறகுதான் தெரிந்தது. கோயிலில் தெரிந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, "எந்த கம்பெனி?" என்று கேட்டார்கள். "அவுட்ஃபீல்டர்" என்றேன். "ஓ, கான்ட்ராக்டிங்கா?" என்றார் ஒருவர். ஒரு விதத்தில் அதுவும் சரிதான்.

அவன் வேலை, மைதானத்தின் இடது கோடியில் நின்று, உயரமாக வரும் பந்துகளை ஓடிப்போய்ப் பிடிப்பது. பதினேழு வயதில் ஒரு பெரிய குழு அவனை ஒப்பந்தம் செய்திருக்கிறது. பதினொரு வருடம் ஒவ்வொரு படியாக ஏறி, நடுவில் யாருக்கோ முழங்கால் போனதால் மேஜர் லீக்கில் பதினொரு நாள் ஆடியிருக்கிறான். அந்தப் பதினொரு நாளில் மட்டையால் ஒரு அடியும் விழவில்லை. ஆனால் வந்த ஆறு பந்தையும் பிடித்தான். அதன் பிறகு இறக்கம்தான். "மட்டைக்காக யாரும் என்னை வைத்திருக்கவில்லை. பிடிக்கத்தான் சம்பளம்," என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கு நெஞ்சில் எங்கேயோ பட்டது. ஏனென்றால் நானும் அந்தச் சாதி.

திருச்சி பொன்மலை ரயில்வே மைதானத்தில் நான்கு வருடம் மாவட்ட லீக் ஆடியவன் நான். பேட்டிங்கில் பத்தாவது ஆள். பந்துவீச்சு என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். ஆனால் பவுண்டரியில் என்னை நிறுத்திவிட்டால் அந்தப் பக்கம் பந்து போகாது. வலது சுண்டுவிரல் கோணியிருப்பது அந்தக் காலத்துச் சொத்து. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, சைக்கிள்கள் கூட்டமாக வெளியே வரும். பாதிப் பேர் வேலிக்கு வெளியே நின்று ஒரு ஓவர் பார்த்துவிட்டுப் போவார்கள். பவுண்டரியில் நிற்பவனுக்கு அவர்கள்தான் பார்வையாளர்கள். ஒரு இறுதி ஆட்டத்தில் தலைக்கு மேல் போன பந்தை எம்பிப் பிடித்தேன். என் குதிகால் சுண்ணாம்புக் கோட்டில் பட்டதாக அம்பயர் சிக்ஸர் கொடுத்துவிட்டார். தோற்றோம். மறு மாதமே சென்னையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. அப்பா மட்டையையும் பேடையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். முப்பது வருடம் ஆகிறது. இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், கால் படவே இல்லை.

ஆகவே யோயெல் வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் வெட்கக்கேடானது. சாயங்காலம் ஆபீஸ் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு அவனோடு பின்பக்கப் புல்வெளியில் பந்து பிடிப்பேன். நான் வெறுங்கையால் பிடிப்பதைப் பார்த்து முதல்நாள் அவன் பயந்துபோனான். ஒருநாள் சுமதி கொடுத்த தயிர் சாதம் சாப்பிட்டுப் போய் இரண்டு அடி நன்றாக அடித்துவிட்டான். அதிலிருந்து உள்ளூர் ஆட்டம் என்றால் தயிர் சாதம், கூட ஒரு மோர்மிளகாய். ஜூன் கடைசியில் மட்டை மறுபடி தூங்கிப்போனது. ஒரு அவுட்ஃபீல்டரைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. குழு விட்டால் அவன் விசாவும் போய்விடும். ஹெச்-ஒன்-பி விசாக் காலத்தில் ஒவ்வொரு லேஆஃப் செய்திக்கும் விசா தேதியை எடுத்துப் பார்த்தவன் நான். அவன் ஏன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறான் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. "சாதம் வேணா மாத்திப் பாக்கலாமாடா?" என்று சுமதி தமிழிலேயே கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம். அக்னி நட்சத்திரத்துத் திருச்சி வெயில். இடது கோடிச் சுவருக்குப் பின்னால், முதல் வரிசையில், நானும் சுமதியும். எங்களுக்கு முன்னால் யோயெலின் முதுகு. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு குழுவும் சமம். எதிரணிக்காரன் அடித்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அது எங்கள் பக்கம் வருகிறது. யோயெல் திரும்பி ஓடி வந்தான். பந்து மேலே போய், ஒரு கணம் நின்று, இறங்கியது. அடுத்து நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. எழுந்தேன், இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்தேன், பிடித்தேன். பொன்மலையில் பிடித்த மாதிரியே, நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு. பிறகு பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

அரங்கம் முழுக்க ஊளையிட்டது. கைதட்டல்தான் இந்த ஊரில் இப்படி இருக்கிறதோ என்று ஒரு நொடி நினைத்தேன். பக்கத்துத் தொப்பிக்காரர், "த்ரோ இட் பேக்!" என்று கத்தினார். எதிரணி அடித்த ஹோம் ரன் பந்தை, அதாவது இந்த ஊர் சிக்ஸரை, மைதானத்துக்குள் திருப்பி எறிவது இங்கே மரியாதையாம். எனக்குத் தெரியாது, சிரித்தபடி பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். சுவர் விளிம்பில் ஒரு கையால் தொங்கியபடி, மறுகையின் கையுறையைத் திறந்து வைத்துக்கொண்டு, யோயெல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு மேல் எம்பி அவன் பிடித்திருந்தால் அவுட். என் கை சுவருக்கு இந்தப் பக்கமே இருந்ததால் சட்டப்படி அது ஹோம் ரன். ஒரு சாண் அந்தப் பக்கம் நீட்டியிருந்தால், பார்வையாளர் குறுக்கிட்டார் என்று அவுட் கொடுத்திருப்பார்கள். பவுண்டரிக் கோட்டைத் தாண்டாமல் பிடிக்க நான்கு வருடம் பழகிய உடம்பு, தாண்டாமலே பிடித்துத் தொலைத்தது. அந்த ஒரு ஓட்டத்தில் தோற்றோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் கைகால் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "நோ சான்ஸ், அங்கிள். டூ ஹை," என்றான். எப்படியும் தன் கைக்கு எட்டியிருக்காது என்றான். சுமதி தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்க்காமல் இருந்தாள். யாரோ போட்ட வீடியோவை காவ்யா அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழே, "அப்பா, யூ ராப்ட் ஹிம்." அவன் கையிலிருந்ததைப் பறித்துவிட்டேனாம். நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை பார்த்தால் கையுறை பந்துக்கு நேர் கீழே இருக்கிறது. மறுதடவை பார்த்தால் எட்டாதது போல இருக்கிறது.

புதன்கிழமை காலை மேனேஜர் அவனைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பை, ஒரு மட்டை உறை. விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிப் போனேன். மட்டை சரியில்லாததற்கு அனுப்பினார்கள், உங்களால் அல்ல என்று அவன் வழி முழுக்க எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். வேலை போனவன் அவன், அழுதது நான். இறங்கும்போது, "டெல் ஆன்ட்டி, தேங்க் யூ ஃபார் த ரைஸ்," என்றான்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்த காவ்யா, முதல்நாள் காலையே முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். மெத்தைக்கு அடியில் கட்டியாக ஏதோ இருந்ததாம். யோயெலின் பழைய கையுறை ஒன்று, சுமதியின் பூ கட்டும் நாரால் கட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு பந்து. ஜூலையில் நான் பிடித்து, அவன் கண்ணில் படக்கூடாது என்று மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பந்து. தையலில் இன்னும் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானமே யோயெலை வீடியோவில் கூப்பிட்டேன். இப்போது அவன் தன் ஊரில் வாரநாட்களில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் குழுவுக்கு ஆடுகிறான், அதே இடது கோடியில். சுமதி அவன் அம்மாவோடு ஆளுக்கொரு மொழியில் பேசி முடித்ததும் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். "உண்மையைச் சொல்லு," என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "அது எட்டியிருக்குமா?"

திரையில் என் கையிலிருந்த கையுறையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஐ ஹாட் இட், அங்கிள். ஈஸி."

பிடித்திருப்பேன், சுலபமாக. விசித்திரம்தான், குற்றம் நிச்சயமானதும் மனம் லேசானது. வீட்டுக்காரரிடம் மரியாதைக்குப் பொய் சொல்லலாம். கோட்டருகே நின்று பிடிக்கிறவனிடம் இன்னொரு பிடிக்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான். அந்த ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் என்னைத் தன் ஆளாக மதித்தான்.

"சாரிடா," என்றேன், தமிழில். அவன் தலையை ஆட்டினான்.

இப்போதும் சில சாயங்காலம் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு புல்வெளியில் தனியாக நிற்கிறேன். பந்தை மேலே எறிந்து நானே பிடித்துக்கொள்கிறேன். கையுறையில் என் தலை எண்ணெயின் வாசம் இன்னும் போகவில்லை. பேஸ்பாலில் ஒரு கை போதும், இடது கையை மட்டும் நீட்ட வேண்டும். யோயெல் அதைத்தான் அத்தனை வாரம் சொல்லித் திருத்தப் பார்த்தான். நீட்டத்தான் செய்கிறேன். ஆனால் பந்து இறங்குகிற கடைசி நொடியில், கோணிய சுண்டுவிரலோடு என் வலது கை, யாரும் கூப்பிடாமலே, அதன் பக்கத்தில் போய் நிற்கிறது.