கதவண்ணனின் தானியக் கிடங்கு

பேக்கரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதவண்ணன் என்றால்தான் தெரியும். பெரிய அடுப்பின் இரும்புக் கதவுக்கு முன்னால் ஆயுசில் பாதியை நின்றே கழித்தவர். ரொட்டித் தட்டுகள் உள்ளே போய்விட்டால் அந்தக் கதவை அவர் கை தவிர வேறு கை தொடக் கூடாது. பாதி வேக்காட்டில் திறந்தால் காற்றுப் பட்டு ரொட்டி அமுங்கிவிடும். அமுங்கியது அமுங்கியதுதான், திரும்ப உள்ளே வைத்தாலும் எழும்பாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆசைப்பட்டு எட்டிப் பார்க்கப் போனால், "பாக்காதடா, அதுக்குக் கூச்சம் வந்து உக்காந்துரும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் கதவை மறித்து நின்றுவிடுவார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய் மாவு மூட்டை தூக்கப் போனவர் அவர். தினமும் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஏதோ முணுமுணுப்பார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேட்டால், "வேண்டறதுக்கு என்ன இருக்கு, வந்துட்டேன்னு சொல்றேன்" என்பார். மாவுத் தூசி நெஞ்சில் தங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், இனி பேக்கரிப் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இத்தனை நாள் கொடுத்த மூச்சுக்கு ஆண்டவனுக்கு நன்றி என்று வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

முதலில் கூட வேலை செய்தவர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு அவரவருக்கு அவரவர் பாடு. மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைப்பாள். அந்தச் சத்தத்தில் பேச்சுக்கு இடம் குறைவு. தவறாமல் வந்தது ஒரே ஒரு ஆள்தான், மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வருவான். தன் பழைய கம்ப்யூட்டரையும் அவர்கள் வீட்டு மேஜையிலேயே வைத்து, அதில் ஒரு விளையாட்டும் போட்டுக் கொடுத்தான். மற்ற ஆறு நாளையும் கதவண்ணன் அந்த மாலையை நினைத்துத்தான் ஓட்டினார். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரியும்.

விளையாட்டு இதுதான். வெறும் காட்டில் ஆளுக்கு ஒரு ஊர். ஒருவர் ஆடி முடித்ததும் அடுத்தவர் முறை. அதை டர்ன் என்பார்கள். ஊர் ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் செய்யும். காவலுக்கு ஒரு வீரனை உருவாக்கலாம், வேறு இடத்தில் புது ஊர் போடக் குடும்பங்களைத் தயார் செய்யலாம், கோயிலோ கிடங்கோ கட்டலாம். எதற்கு எத்தனை டர்ன் ஆகும் என்று திரையே சொல்லிவிடும். நடுநடுவே காட்டிலிருந்து கொள்ளைக் கூட்டம் வரும். வீரன் இருந்தால் அடுத்தவர் ஊரையும் தாக்கிப் பிடிக்கலாம். ஒருவர் ஆடும்போது மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், யோசனை சொல்லக் கூடாது. மனைவி இரண்டு பேர் ஊரையும் பார்க்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்று தம்பி அவளிடம் முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தான்.

முதல் ஆட்டத்தில் கதவண்ணன் எடுத்த எடுப்பில் கோயில் கட்ட ஆரம்பித்தார். சாமிக்கு இடம் இல்லாமல் ஜனம் எப்படி இருக்கும் என்பது அவர் கேள்வி. கோயில் முடிவதற்குள் கொள்ளைக் கூட்டம் ஊரைக் கொளுத்திவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் புது ஊருக்குக் குடும்பங்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது கூட்டம் வந்தது. வருவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். குடும்பங்களும் போயின, ஊரும் போயிற்று. இரண்டு தடவையும் மச்சினன் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டான்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கும் முன் அவன் தலையைச் சொறிந்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. ஆட்டம் சூடு பிடிக்கறதுக்குள்ள நீங்க காலி ஆயிடறீங்க. எங்க கம்பெனில சோடாபுட்டின்னு ஒருத்தர், நல்லா ஆடுவாராம். வீட்டுக்குக் கூப்பிட்டுட்டே இருக்கார். இதுவும் அப்படியே போச்சுன்னா, ஞாயித்துக்கிழம அங்க போலாம்னு பாக்கறேன்."

"போயேன், அதுக்கென்ன" என்றார் கதவண்ணன். தையல் மெஷின் நின்றது. பிறகு ஓடியது.

இந்தத் தடவை புத்தியோடு முதலில் ஒரு காவல்காரனை உருவாக்கி வாசலில் நிறுத்தினார். ஊரில் மூன்று பங்கு ஜனம். இரண்டு பங்கைக் கோதுமை வயலில் போட்டார், ஒன்றைக் குன்றில். வயல் வயிற்றை நிரப்பும், ஊர் பெருகும். குன்று கல் தரும், வேலை ஓடும். அவருக்குக் கோதுமை மேல் ஒரு பாசம், அதனால் வேலை மெதுவாகத்தான் ஓடியது. விளைந்ததைச் சேர்த்து வைக்கத் தானியக் கிடங்கு கட்ட ஆரம்பித்தார். பாதி எழும்பிவிட்டது, இன்னும் ஐந்து டர்ன் என்றது திரை.

அப்போதுதான் காட்டோரத்தில் கொள்ளைக்காரர்கள் தெரிந்தார்கள், மூன்று கூட்டம். இவரிடம் இருந்தது ஒற்றைக் காவல்காரன்.

குன்றுக்கு எல்லாரையும் அனுப்பினால் ஈட்டிக்காரன் ஒருவனை இரண்டே டர்னில் உருவாக்கிவிடலாம் என்று திரை காட்டியது. ஆனால் கிடங்கை நிறுத்த வேண்டும். பாதியில் எடுக்க வேண்டும். அவர் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது.

"மாமா, தூங்கிட்டீங்களா?" என்றான் மச்சினன் ஜன்னலிலிருந்து.

"இருடா."

"எனக்குக் கழுத்து வலிக்குது. எதிர்வீட்டுத் துணியெல்லாம் எண்ணி முடிச்சுட்டேன்."

"இன்னொரு வாட்டி எண்ணு."

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அறுக்க வேண்டிய நூல் எதுவும் அங்கே இல்லை. கதவண்ணன் கண்ணை மூடினார், உதடு அசைந்தது. பிறகு கிடங்கை நிறுத்தினார். அத்தனை கல்லும் வீண் என்று மனதில் எழுதிக்கொண்டார். வயலில் இருந்தவர்களைக் குன்றுக்கு அனுப்பி, ஈட்டிக்காரனைச் செய்யச் சொன்னார்.

காவல்காரன் வாசலிலேயே செத்தான். ஆனால் அவன் தாக்குப்பிடித்த நேரத்தில் ஈட்டிக்காரன் தயாராகிவிட்டான். அடுத்தடுத்த டர்ன்களில் இரண்டு கூட்டம் அழிந்தது, மூன்றாவது காட்டுக்குள் ஓடியது. ஒரு வயல் எரிந்ததோடு சரி. அதற்குள் மச்சினன் ஆற்று வளைவில், நல்ல நிலமாகப் பார்த்து, இரண்டாவது ஊர் போட்டுவிட்டான். அந்த நிலம் போனது போனதுதான்.

ஜனத்தைத் திரும்ப வயலுக்கு அனுப்பிவிட்டு, கிடங்கை அடியிலிருந்து கட்டலாம் என்று அதைத் தொட்டார். திரை ஐந்து டர்ன் என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், ஐந்துதான்.

"மாப்ளே, இங்க வா. கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுது."

"நான் பாக்கக் கூடாதே."

"பரவால்ல, வா. பாதில நிறுத்தின கிடங்கு, பாதி அப்படியே இருக்குங்குது."

மச்சினன் வந்து குனிந்து பார்த்தான். "இருக்கும்ல? எங்க போகும்?"

"எடுத்துட்டேனேடா."

"எடுத்தா என்ன மாமா? விட்ட எடத்துலேர்ந்து கட்டலாம். நான் ஒரு டர்ன்ல நாலு தடவ மாத்துவேன்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "அப்போ அந்த ரெண்டு ஆட்டத்துலயும், கூட்டம் வர்றதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தது இதுக்குத்தானா?"

"பாதில எடுத்தா வீணாப் போயிரும்ல."

"ஐயோ மாமா, அது கல்லு. வேகறதுக்கு அது என்ன ரொட்டியா?"

மனைவிக்கு அதற்குமேல் முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரெண்டு ஊரு எரியறதப் பாத்துட்டு வாய மூடிட்டு உக்காந்திருந்தேன்டா, படுபாவி. வாங்கினியே ஒரு சத்தியம்!"

கதவண்ணன் சிரிக்கவில்லை. எரிந்துபோன இரண்டு ஊரையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். கோயில் முக்கால்வாசி எழும்பியிருந்தது. நிறுத்திவிட்டு ஒரு வீரனைச் செய்திருந்தால் ஜனமும் பிழைத்திருக்கும், கோயிலும் காத்திருந்திருக்கும். அதற்கு யார் மேலும் வருத்தப்பட முடியாது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மச்சினன் எழுந்து செருப்பைத் தேடினான்.

"அடுத்த வாரம் சோடாபுட்டி வீடா?" என்று அக்கா நேராகவே கேட்டாள்.

அவன் திரும்பி வந்து, ஆட்டத்தைக் கலைக்காமல் அப்படியே சேமித்து வைத்தான். "எங்கக்கா போறது? ஆத்தங்கரைல என் ஜனம் ஒரு காவல் இல்லாம நிக்குது. இவர் ஈட்டிக்காரன் சும்மா வேற இருக்கான். விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வருமா?"

"அவன் சும்மாதான் இருப்பான்னு யாருடா சொன்னது?" என்றார் கதவண்ணன்.