தங்கைக்கு மட்டும் வந்த பங்கு

எனக்குக் கல்யாணம் ஆனது எண்பதுகளின் நடுவில். என் தங்கைக்குத் தொண்ணூறில். அவளுக்கு வந்த ஜாதகமெல்லாம் தட்டிக்கொண்டே போனது. இன்னும் அமையவில்லையே என்று கோயில் கோயிலாகப் போய் வேண்டிக்கொண்டவளே நான்தான். அந்தத் தாமதம் பின்னால் அவளுக்கு நிலமாக வந்து சேரும் என்று தெரிந்திருந்தால், அவ்வளவு உருகி வேண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

திருப்பூர் வீரபாண்டிக்குத் தெற்கே எங்களுக்குப் பாட்டன் காலத்துப் பூமி இருந்தது. காடு என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் சோளம் விளையும், பெய்யாவிட்டால் வெறும் தரிசு. அண்ணன் ஒருவர்தான் ஆண்பிள்ளை. அதனால் அது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். பிறகு அந்தப் பக்கம் சாயப்பட்டறைகள் வர ஆரம்பித்தன. ஒரு பட்டறைக்காரர் காட்டில் ஒரு பகுதியை விலைக்குக் கேட்டார். அவருடைய வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, சின்ன மகளின் கையெழுத்து இல்லாமல் கிரயம் செல்லாது என்றார். எண்பத்தொன்பதில் ஒரு சட்டம் வந்ததாம். அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்ணுக்குப் பாட்டன் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு உண்டாம். அதற்கு முன்பே கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கிடையாதாம்.

அண்ணன் பழமும் சேலையும் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் சேலையை வாங்கி வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடறனுங்கண்ணா. என்ற பங்கப் பிரிச்சுக் குடுத்துட்டு அப்பறம் கேளுங்க" என்றாளாம்.

பல மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அப்பா, அண்ணன், தங்கை என்று மூன்று பங்காகப் பிரித்தார்கள். அம்மா முன்பே இறந்துவிட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

தங்கை தன் பங்கில் பாதியைப் பட்டறைக்காரருக்கு விற்று, ரோட்டோரம் இருந்த மீதியில் ஒரு ஷெட் போட்டாள். அதைத் தையல் யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டாள். நான் அப்போது அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த நல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டாவது பஸ் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் போகும். பார்க்கக் கூடாது என்று மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஷெட் வரும் நேரத்தில் கழுத்து தானாகத் திரும்பிவிடும். ஒரு நாள் புதுக் கதவு, இன்னொரு நாள் பெயின்ட், பிறகு வாசலில் ஒரு மொபெட்.

ஒருமுறை எங்கள் கம்பெனிக்காக அந்த ஷெட்டில் கூலிக்குத் தைத்த பீஸ்கள் எங்கள் டேபிளுக்கே வந்தன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு அவள் என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வருவாள். பிள்ளைகள் "சித்தி, சித்தி" என்று அவள் காலைச் சுற்றுவார்கள். என் வீட்டுக்காரர், "உன்ற தங்கச்சிக்கு யோகம்" என்பார். நான் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விடுவேன். அவள் என்ன பாடுபட்டாள்? ஜாதகம் பொருந்தவில்லை, அவ்வளவுதானே.

அப்பா இறந்த மறு வருஷம், யாருக்கும் சொல்லாமல் திருப்பூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். வயதானவர். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சிக்குப் போன பங்கை ஒடைக்க வழி இருக்குங்களா?"

"இல்லீங்கம்மா. அது சட்டப்படி அவங்குளுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கப்பாவுக்கு ஒரு பங்கு ஒதுக்குனாங்கல்ல? அது என்னாச்சுங்க?"

"அண்ணந்தான் வெச்சிருக்காருங்க."

"உயில் ஏதாவது எழுதுனாருங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னங்கம்மா? அவர் பங்கு பிள்ளைக மூணு பேருக்கும் சமம். கல்யாணம் எப்ப ஆச்சுன்னு அதுக்கு யாரும் கேக்கப் போறதில்ல."

எனக்கும் இருக்கிறது! இத்தனை நாள் அந்த பஸ்ஸில் என் காட்டையும் தாண்டித்தான் போயிருக்கிறேன். அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தில் முள் குத்தியது.

"மூணு பேருன்னா... தங்கச்சிக்குமுங்களா?"

"அவங்குளுக்கும்தானுங்க."

அண்ணனிடம் போய்க் கேட்டேன். "நகை போட்டு, சீர் செஞ்சுதான அனுப்புனோம்? அது பத்தலியா?" என்று கத்தினார். வாரிசுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். விஷயம் தங்கை காதுக்குப் போய், அவளே அண்ணன் வீட்டு வாசலில் மொபெட்டில் வந்து இறங்கினாள்.

"அக்கா கேக்கறது நாயந்தானுங்கண்ணா. எனக்குக் குடுத்தீங்கல்ல, அவளுக்கும் குடுங்க."

அவள் எனக்காகப் பேசியதும் எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அண்ணன் இறங்கி வந்தார். தாலுகா ஆபீஸுக்கு அலைந்ததெல்லாம் நான்தான். லீவு போட்டு, சம்பளத்தை இழந்து, வெயிலில் நின்றேன். அலையாமலே அவளுக்கும் ஒரு பங்கு வரப்போகிறது என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் கூடவே வந்தது.

பதிவு நாளன்று பத்திரம் எழுதுபவர் முன்னால் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அப்பா பங்கில் அண்ணனுக்குப் போக மிச்சம் இரண்டு துண்டு. ஒன்று ரோட்டோரம், இன்னொன்று பட்டறைக்குப் பின்னால், சாயத்தண்ணி ஓடும் பள்ளத்தை ஒட்டி. யாருக்கு எது என்று எழுதுபவர் கேட்டார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

தங்கை, "ரோட்டோரத்த அக்காளுக்கு எழுதுங்க. எனக்குத்தான் ஷெட் இருக்குதே" என்றாள்.

கண் கலங்கிக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும் என்று பிறகு என் மகள் சொன்னாள். எனக்கு அப்படி வரவில்லை. இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அவளிடம் இருக்கிறதே என்றுதான் வயிறு எரிந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அவள் பர்ஸைத் திறப்பதற்குள், முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன். "நான் குடுக்கறனே, அக்கா" என்றாள்.

"நீ குடி கண்ணு, ஆறிப்போகும்" என்றேன்.